வரைபடத்தில் காலியாக இருந்த சரிவு

குழாய்க்காரர் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் முழிப்பார்கள். நாற்பது வருடமாகத் தெருக்களைத் தோண்டி, பழுது பார்த்து, மூடியவர். எந்த வீட்டுக்கு முன்னால் எத்தனை அடி ஆழத்தில் எந்தக் குழாய் திரும்புகிறது என்று நகராட்சி ஆவணத்தைவிடச் சரியாகச் சொல்வார். மற்றபடி பேச்சு குறைவு. "இவர் வாயிலயும் ஒரு வால்வு இருக்கு, அது துருப்பிடிச்சுப் போச்சு" என்று அவர் மனைவி கேலி செய்வார். அந்த அம்மாள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். ஆயிரம் பேரிடம் பேசிப் பழகியவர்.

ஊருக்கு மேற்கே இருக்கும் குன்றில் ஆறு காற்றாலைகள் வரப்போகின்றன, மின்சாரத்தில் ஊருக்கும் பங்கு உண்டு என்றார்கள். பள்ளிக்கூட அரங்கில் கூட்டம் போட்டார்கள்.

"எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் நம்மளக் கூப்பிடுவாங்க. டீ நல்லா இருந்தா சரி" என்று சொல்லிக்கொண்டே பேக்கரிக்காரர் வந்து உட்கார்ந்தார். ஆனால் முப்பது வயது மதிக்கத்தக்க பொறியாளர் பெண், இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, போர்வை அளவுக்கு ஒரு வரைபடத்தை விரித்தார்.

"இது முடிவான படம் இல்லீங்க. நீங்க எந்த வழியா நடக்கிறீங்க, தண்ணி எங்க ஊறுது, எங்க நாங்க கை வைக்கவே கூடாது, இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வந்து குண்டூசி குத்துங்க."

தயங்கித் தயங்கி ஆட்கள் எழுந்தார்கள். ஊற்று, ஆட்டுப் பாதை, வௌவால்கள் தங்கும் குகை என்று சிவப்புத் தலை ஊசிகள் கூடிக்கொண்டே போயின. குழாய்க்காரரின் கண் மட்டும் நான்காவது காற்றாலைக்குக் குறித்திருந்த எண்ணை விட்டு நகரவில்லை. அதைச் சுற்றி வரைபடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் பச்சை.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், ஊரில் காய்ச்சல் பரவியது. ஆற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனது, மயானமோ அக்கரையில். மருத்துவமனையில் ஒரே வாரத்தில் நான்கு பச்சைக் குழந்தைகள் இறந்தன. நான்கு தகப்பன்கள் விடிந்ததும் விடியாததுமாகக் குன்றேறி, அந்தச் சரிவில் புதைத்துவிட்டு இறங்கினார்கள். குழாய்க்காரரும் அவர்களில் ஒருவர். அவருடைய மகள் பிறந்து அன்று ஒன்பதாம் நாள். மனைவி காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். தேறியதும், "எங்க வெச்சீங்க?" என்று கேட்டார். "நல்ல இடம்" என்றதோடு சரி. இடம் தெரிந்தால் அவள் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள் என்று அவருக்குப் பயம். ஒரு வருடம் கேட்டார் மனைவி. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

அந்த நால்வரில் இருவர் இறந்து, அவர்கள் வீட்டாரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். இன்னொருவர் வெளியூர் போய்ப் பல காலம் ஆயிற்று. சொல்வதற்கு இவர் ஒருவர்தான் மிச்சம்.

குழாய்க்காரர் எழுந்து போய் ஒரு ஊசியை எடுத்தார். நான்காம் எண்ணின் பக்கத்தில் அதைக் குத்தினார்.

"இங்க என்னங்க ஐயா? பழைய குழாய் ஏதாவது போகுதா?"

"இல்லம்மா. நாலு குழந்தைங்க இருக்கு. ஒண்ணு என்னோடது."

அவர் திரும்பிப் பார்த்தபோது, மூன்றாவது வரிசையில் இருந்த மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துகொண்டிருந்தார்.

வீட்டில் அவர் மனைவி சத்தம் போடவில்லை. அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

"ஊருக்கே சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கா?"

"நீ அங்கயே உட்கார்ந்துடுவியோன்னு பயந்துட்டேன்."

"உட்கார்ந்திருப்பேன். எழுந்தும் வந்திருப்பேன். அதை முடிவு பண்ண வேண்டியது நான். நீங்க இல்ல."

நான்கு நாட்கள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஐந்தாம் நாள், தோண்டாமலே மண்ணுக்கடியில் பார்க்கும் கருவியோடு பொறியாளர் வந்தார். குழாய்க்காரர் கிளம்பும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

மேலே, இரண்டாகப் பிளந்து கிடந்த ஒரு பாறையிலிருந்து குழாய்க்காரர் அடி எண்ணி நடந்து, ஓரிடத்தில் நின்றார். கருவியை அங்கே இழுத்தார்கள். கலைந்து மூடிய மண்ணின் அடையாளம் திரையில் வரிசையாக நான்கு இடங்களில் தெரிந்தது. எல்லாமே சின்னஞ்சிறியவை. பொறியாளர் திரையை அணைத்துவிட்டுத் தள்ளிப் போனார்.

அந்த அம்மாள் புல்லில் உட்கார்ந்தார். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு தானாகவே, "கை குடுங்க, முட்டி பிடிச்சுக்கிச்சு" என்றார்.

அடுத்த கூட்டத்தில் பொறியாளர் மறைக்காமல் சொன்னார்: நான்காவது காற்றாலையைக் கைவிட்டால் ஊருக்கு வரும் மின்சாரம் குறையும், கீழே தள்ளி வைத்தால், குளிர்காலச் சாயங்காலங்களில் சுழலும் இறக்கைகளின் நிழல் அரை மணி நேரம் கீழ்த்தெரு ஜன்னல்களில் வெட்டி வெட்டி விழும். குழாய்க்காரர் வீடும் பேக்கரியும் கீழ்த்தெருவில்தான்.

பேச்சு தடித்தது. "பாவம்தான், ஒத்துக்கிறேன். அதுக்காக என் கடைக்குள்ள தினமும் நிழல் ஆடணுமா?" என்றார் பேக்கரிக்காரர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மூன்று கூட்டங்கள் இழுத்தது. மூன்றாவதில் அந்த அம்மாள் எழுந்தார்.

"அந்த அரை மணி நேரம் மட்டும் அதைச் சுத்தாம நிறுத்தி வைக்க முடியாதா?"

பொறியாளர் ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, முடியும் என்று வந்து சொன்னார். ஊரின் சம்மதம் கேட்டபோது பேக்கரிக்காரர் முதல் ஆளாகக் கை தூக்கினார்.

அந்த அம்மாள் விசாரித்து விசாரித்து, வெளியூர் போன குடும்பத்தின் முகவரியைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டார். அந்தக் குழந்தையின் தாய் இரண்டு பேருந்து மாறி வந்தார். மற்ற இரண்டு குடும்பங்களைப் பற்றித் தகவலே கிடைக்கவில்லை.

திருத்திய வரைபடத்தில் அந்தச் சரிவைக் கோடு போட்டு ஒதுக்கியிருந்தார்கள். "இங்க என்னன்னு எழுதட்டும்மா?" என்று கேட்டார் பொறியாளர். வெளியூரிலிருந்து வந்த தாய் தன் மகனின் பெயரைச் சொன்னார். குழாய்க்காரரின் மனைவியும் ஒரு பெயரைச் சொன்னார். பொறியாளர் இரண்டையும் எழுதிவிட்டு, அவற்றுக்குக் கீழே இரண்டு வரிகளைக் காலியாக விட்டார்.

மனைவி சொன்ன பெயரைக் குழாய்க்காரர் கேட்பது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாதித் தெரு தாண்டிய பிறகு கேட்டார்.

"எப்ப வெச்ச அந்தப் பேர?"

"பிறந்த ரெண்டாம் நாளே, மனசுக்குள்ள. நீங்க இத்தனை வருஷமா கேக்கவே இல்லையே."

அவர் நின்றுவிட்டார். மனைவி நான்கு அடி முன்னால் போய், அவர் வருவதற்காகக் காத்திருந்தார்.