வத்தேகமவுக்கு முன்னால் நின்ற கோச்சி

1. நின்ற இடம்

உக்குவளையில் நான் ஏறிய காலை ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, வத்தேகம ஸ்டேஷனை எட்டுவதற்கு முன்பாகவே மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மாத்தளை–கண்டிப் பாதையில் தினமும் போய் வருகிறவர்களுக்கு ரயில் நிற்பது புதிதல்ல. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிரே ஒன்று வந்தால் காத்திருக்க வேண்டும். மழை பெய்தால் மண் சரியும், மரம் விழும். சில நாட்களில் ஸ்டேஷனுக்குப் போன பிறகுதான் அன்றைக்கு ரயிலே இல்லை என்று தெரியவரும். அந்த நேரத்தில் பஸ்ஸுக்கு ஓடினால் மிதிபலகையில்கூட இடம் இருக்காது.

என்ஜின் சத்தம் அடங்கியபோதுதான் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சும்மா நிற்கும் ரயிலின் என்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். அன்று மரங்களில் கத்திய குருவிச் சத்தம்கூடக் காதில் விழுந்தது.

எனக்கு எதிரே ஃபாரூக் நானா இருந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறவர், பல வருடங்களாக ஒரே பெட்டியில் என்னோடு வருகிறவர். இறங்கிப் போய் ரயில் கார்டிடம் விசாரித்துவிட்டு வந்தார்.

"என்ஜின் ஃபெயிலாம், தங்கச்சி. கண்டியில இருந்து வேற என்ஜின் வரணுமாம்."

"எவ்வளவு நேரமாகும் நானா?"

"அது அவருக்கே தெரியாது. வருதுண்டு மட்டும் சொல்றார்."

நான் கண்டிப் பக்கத்தில் ஒரு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். நீதவானும் பொலிஸாரும் பேசும் சிங்களத்தைத் தமிழ் பேசுகிறவர்களுக்குச் சொல்வதும், அவர்கள் சொல்வதைத் திரும்பச் சிங்களத்தில் சொல்வதும் என் வேலை. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போகாத நாளில் தமிழ் ஆட்களின் வழக்குக்கு இன்னொரு திகதி கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிணையில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு நாள் அலைச்சல். மறியல் சிறையில் இருக்கிறவர்களோ மேலும் இரண்டு வாரம் உள்ளே இருக்க வேண்டும்.

அன்றைய வழக்குகளில் லெட்சுமி என்ற பெண்ணுடையதும் ஒன்று. எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள். ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போன இடத்தில் தங்கச் சங்கிலியைத் திருடினாள் என்று பிடித்து வைத்திருந்தார்கள். முதல் திகதியில் அவள் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன். இரண்டாவது திகதியில் என்னை வேறொரு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லாததால் அவளைத் திரும்ப மறியலுக்குக் கொண்டுபோனார்கள். இன்று மூன்றாவது திகதி. நானோ மிளகுத் தோட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

2. அடுத்த பெட்டியில் இருந்தவர்

என் பதற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. லெட்சுமியின் கணவர் சிவகுமார் அதே ரயிலில் அடுத்த பெட்டியில் இருந்தார். உக்குவளையில் ஏறும்போதே பார்த்துவிட்டேன். தோளில் ஒரு வயதுகூட ஆகாத பெண் குழந்தை. லெட்சுமிக்குப் பிணை நிற்க வேண்டிய இரண்டு பேரில் அவரும் ஒருவர். லெட்சுமியின் அண்ணன் கண்டியிலேயே வேலை செய்வதால் நேரே நீதிமன்றத்துக்கு வந்துவிடுவார். நானும் போகாமல், இவரும் போகாமல் இருந்தால் பேச எதுவுமே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் வழக்கோடு சம்பந்தப்பட்டவர்களுடன் பழகக் கூடாது. வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்குச் சொன்ன முதல் விஷயமே அதுதான். நான் சொல்லும் ஒரு சொல் இந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருவருடைய வாழ்க்கை மாறிவிடும். ஆனால் ஊர் சின்னது, ரயில் ஒன்றுதான். காலையில் பக்கத்து சீட்டில் இருந்தவர் மதியம் கூண்டில் நிற்பார். அதனால் தெரிந்த முகத்தைக் கண்டால் நான் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். தலைக்கனம் பிடித்தவள் என்று சிலர் நினைத்திருக்கலாம்.

நீதிமன்ற அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எழுதுவினைஞர்தான் எடுத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீதவான் சேர் இன்னைக்குப் பின்னேரம் கூட்டத்துக்குப் போறார் மிஸ். ரோல்ல இருக்கிற வழக்கெல்லாம் முடியிறதுக்குள்ள வந்துருங்க. வராட்டி திகதிதான்" என்றார்.

இதற்குள் ஆட்கள் ரயிலில் இருந்து குதித்துத் தண்டவாள ஓரமாக நடக்கத் தொடங்கியிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமப் பாதை உண்டு. ஃபாரூக் நானா தன் மருமகனுக்கு அழைத்தார். அவர் அந்தப் பக்கம் திரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"வாங்க தங்கச்சி. அவன் பாதைக்கு வாரான். இத விட்டா வேற வண்டி இல்ல."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சரளைக்கல்லில் நடந்து பாதைக்கு வந்தபோது, வந்திருந்த இரண்டு மூன்று திரீவீல்களும் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தன. நானாவின் மருமகன் எங்களுக்காக நின்றார். நான் உள்ளே ஏறி உட்கார்ந்தபோது பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"மிஸ், நீங்க கோர்ட்டு மிஸ்தானே?" மூச்சு வாங்கியபடி சிவகுமார் நின்றார். "எங்களையும் ஏத்திக்கிட்டுப் போங்க மிஸ். நான் போகலேன்னா அவள விடமாட்டாங்க."

ஃபாரூக் நானா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு என் வழக்கம் தெரியும்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நியாயம் இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்தப் பாதையில் வேறு வண்டி எதுவும் வரவில்லை. நான் போய் மொழிபெயர்த்து, நீதவான் பிணை கொடுத்து, கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் அவளை மறுபடி சிறைச்சாலை பஸ்ஸில் ஏற்றினால் நான் சரியாக நடந்ததில் யாருக்கு என்ன பயன்?

"ஏறுங்க" என்றேன். "ஆனா ஒண்ணு. கேஸ் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நானும் கேக்க மாட்டேன். சரியா?"

"சரிங்க மிஸ். வாயே தொறக்க மாட்டேன்."

அவர் சொன்னபடியே இருந்தார். குழந்தைதான் வாயை மூடவில்லை. தாய்ப்பால் திடீரென்று நின்ற குழந்தை. போத்தலைக் கொடுத்தால் தட்டிவிட்டது. கட்டுகஸ்தோட்டையில் வாகன நெரிசலில் வண்டி அசையாமல் நின்றபோது அழுகை உச்சத்துக்குப் போனது. சிவகுமார் போத்தலைத் திரும்பவும் நீட்டிப் பார்த்தார். நான் யோசிக்காமல் கையை நீட்டிக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டது. வாங்கிய பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. எழுப்பாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் திருப்பத்தில் ஃபாரூக் நானா மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, நீங்க இங்கேயே எறங்கி நடந்து போங்களேன். சேர்ந்து வந்தீங்கண்டு ஆருக்கும் தெரியப் போறதில்ல."

அது எனக்கும் தோன்றியிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அங்கே இறங்கினால் இதுவரை அவசரத்துக்குச் செய்த காரியம் அந்த நிமிடத்திலிருந்து ஒளித்துச் செய்த காரியம் ஆகிவிடும். "இல்ல நானா, வாசலுக்கே போகட்டும்" என்றேன்.

வாசலில் இறங்கும்போது குழந்தை என் தோளில்தான் இருந்தது. லெட்சுமி மேல் முறைப்பாடு கொடுத்த வீட்டுக்காரரின் சட்டத்தரணி படியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்திவிட்டு என்னையும், குழந்தையையும், சிவகுமாரையும் பார்த்தார்.

3. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பு

லெட்சுமியின் வழக்கை ஒரு முறை கூப்பிட்டு, ஆள் இல்லாததால் கடைசிக்கு ஒதுக்கியிருந்தார்கள். குழந்தையைச் சிவகுமாரிடம் கொடுத்துவிட்டு நான் உள்ளே போனபோது ரோலில் ஓரிரு வழக்குகளே மிச்சம். கூண்டில் லெட்சுமி நின்றாள். முதல் திகதியில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். அவள் கண்கள் என்னைத் தாண்டிப் பின் வரிசையில் குழந்தையைத் தேடின.

வழக்கைக் கூப்பிட்டதும் நான் எழுந்து, மொழிபெயர்ப்பதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல அனுமதி கேட்டேன். ரயில் நின்றது, ஒரே வண்டியில் வழக்கின் எதிரியான லெட்சுமியின் கணவருடன் வந்தது, குழந்தையைத் தூக்கி வைத்திருந்தது எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். வழக்கைப் பற்றி எதுவும் பேசவில்லை என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

முறைப்பாட்டுக்காரரின் சட்டத்தரணி எழுந்தார். "நானும் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்லத்தான் இருந்தேன். வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்து இன்னொரு திகதியில் எடுக்கும்படி கேட்கிறேன்" என்றார்.

அவர் கேட்டதில் பிழை இல்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். வேறு ஆள் எப்போது கிடைப்பார் என்று நீதவான் பதிவாளரிடம் கேட்டார். வெளி மாவட்டத்தில் இருந்து கேட்டு எடுக்க வேண்டும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் பதிவாளர். நீதவான் பேனாவைக் கையில் எடுத்தார். இன்னொரு திகதி எழுதப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்போது, வேறு வழக்குக்காக வந்திருந்த மூத்த முஸ்லிம் சட்டத்தரணி ஒருவர் எழுந்தார். தனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்றும், நீதிமன்றம் விரும்பினால் தான் பக்கத்தில் நின்று கேட்பதாகவும், ஒரு சொல் பிழைத்தாலும் சொல்லிவிடுவதாகவும் கூறினார். மற்றச் சட்டத்தரணி கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்குச் சம்மதித்தார்.

அன்றைப் போலப் பயந்து நான் ஒருபோதும் மொழிபெயர்த்ததில்லை. பிணை பற்றிப் பேசி முடித்ததும் நீதவான் லெட்சுமியைப் பார்த்து, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அவளுடைய சட்டத்தரணி வேண்டாம் என்று தலையசைப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"சங்கிலிய நான் களவெடுக்கலைங்க. வீட்டுக்கார நோனா குளிக்கப் போகக்குள்ள கழட்டிப் போட்டது. நான்தான் எடுத்து வச்சேன்."

எடுத்து வச்சேன். அவள் வாயில் அதற்குப் பத்திரப்படுத்தினேன் என்றும் பொருள் இருக்கலாம், எடுத்துக்கொண்டேன் என்றும் இருக்கலாம். சிங்களத்தில் நான் ஒன்றைத்தான் சொல்ல முடியும். முதலாவதைச் சொன்னால் குழந்தையைத் தூக்கியவள் தாய்க்கு உதவுகிறாள் என்பார்கள். இரண்டாவதைச் சொன்னால் அவள் ஒப்புக்கொண்டதாகிவிடும். தோளில் அந்தக் குழந்தையின் சூடு இன்னும் போகாதது போல இருந்தது.

"இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. எதை நினைத்துச் சொன்னார் என்று நான் முடிவு செய்ய முடியாது. நீதிமன்றம் அவரிடமே கேட்க வேண்டும்" என்றேன். மூத்த சட்டத்தரணி, அது சரி என்றார். அப்படியானால் கேளுங்கள் என்றார் நீதவான்.

"எடுத்து வச்சேன்னு சொன்னீங்களே, எடுத்து என்ன செஞ்சீங்க?"

"நோனாவோட அலுமாரியிலதாங்க வச்சேன். ஈரத் தரையில கெடந்துச்சு. அப்புறம் நான் பாக்கல."

அதை அப்படியே சொன்னேன். ஈரத் தரையையும் விடவில்லை. நீதவான் எழுதினார். கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு கட்டளையைச் சிங்களத்தில் வாசித்தார்.

நான் தமிழில் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே லெட்சுமி கேட்டுவிட்டாள். "இன்னொரு திகதியா மிஸ்?"

"இல்ல. பிணை குடுத்திருக்கு. கையெழுத்து வச்சதும் இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்."

அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிறைக்காவல் பெண் ஒருவர்தான் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார்.

4. பின்னால் வந்தது

ஒரு மாதத்துக்குள் என் பெயரில் ஒரு முறைப்பாடு வந்தது. யார் எழுதியது என்று தெரியாது. எதிரியின் குடும்பத்தோடு வாகனத்தில் சுற்றுகிறாள், அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள் என்று இருந்தது. விளக்கம் கேட்டார்கள். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரயிலில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஃபாரூக் நானாவிடமும் சரியாகப் பேசவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் தினமும் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்தார்.

விசாரித்தவர்கள் வழக்கேட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். முறைப்பாட்டில் இருந்ததெல்லாம் அதில் என் வாயாலேயே பதிவாகியிருந்தது. அதோடு விஷயம் முடிந்தது. திருப்பத்தில் இறங்கி நடந்து போயிருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. லெட்சுமியின் வழக்கு இன்னும் பல திகதிகளுக்குப் போனது. அவள் வெளியில் இருந்தபடியே வந்து போனாள். கடைசியில் சாட்சிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் அவளை விடுவித்தார்கள்.

இந்த வேலைக்கு இப்போது புதிதாக வருகிற உங்களில் சிலர் மாத்தளைப் பக்கத்தில் இருந்துதான் வருகிறீர்கள். நீங்களும் அந்த ரயிலைத்தான் பிடிக்கப் போகிறீர்கள். முடிந்தவரை முதல் ரயிலில் ஏறுங்கள். அதுவும் நடுவழியில் நிற்கும். அப்போது யாரோடு, எப்படிப் போய்ச் சேர வேண்டி வந்தாலும் போய்ச் சேருங்கள். உள்ளே போனதும், யாரும் கேட்பதற்கு முன், அதை நீங்களே எழுந்து சொல்லுங்கள்.