கேட்க மட்டும் தெரிந்த டிஷ்

போன வாரம் அக்கா வீட்டு மொட்டை மாடியிலிருந்து அந்த டிஷ்ஷை இறக்கினோம். துருவில் போல்ட்டுகள் இறுகிப்போயிருந்தன. அக்காவின் கணவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அவரை நான் பாய் என்றே கூப்பிடுவேன். குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தட்டில் தேங்கியிருந்த தண்ணீர் சரிந்து என் சட்டையை நனைத்தபோது, 'நல்லா வேணும் உனக்கு' என்று சிரிக்க அக்கா இல்லையே என்று மனசு கனத்துவிட்டது.

கைப்பேசி எல்லோர் கைக்கும் வராத காலத்தில், தென்காசியில் கீழே பிரவுசிங் சென்டரும் மேலே வீடுமாக இருந்தவர் அக்கா. கடையநல்லூரில் பிறந்தவர். பாய் வளைகுடாவில் இருந்தார். டிப்ளமோ முடித்த கையோடு அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கூடப் பிறக்காவிட்டாலும் அன்றிலிருந்து அவர் எனக்கு அக்காதான். கடைக்கு இணையம் இரண்டு வழியாக வந்துபோனது. நாம் அனுப்புவது டெலிபோன் கம்பி வழியாகப் போகும். நமக்கு வருவது செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷில் இறங்கும். டிஷ்ஷுக்கு வாங்கத்தான் தெரியும், அனுப்பத் தெரியாது. போவதற்கு ஒரு பாதை, வருவதற்கு ஒரு பாதை என்று கம்ப்யூட்டருக்குப் பிரித்துச் சொல்லிவைப்பது என் வேலை. கம்பி அறுந்தாலும் டிஷ் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் பேசியே எனக்குத் தொண்டை வற்றும்.

"எங்க வாப்பா மாதிரில்லா இருக்கு உன் டிஷ்ஷு. எல்லாத்தையும் கேட்டுக்கிடும், ஒரு வார்த்த திருப்பிச் சொல்லாது" என்பார் அக்கா.

வெள்ளிக்கிழமை பாய்க்கு விடுமுறை. மத்தியானத்தில் இணையம் வழியாக அழைப்பார். திரை போட்ட மூலைக் கம்ப்யூட்டர் அந்த நேரத்துக்கு அக்காவுக்குத்தான். கேமரா கிடையாது, வெறும் குரல்தான். ஆனாலும் அன்றைக்கு மல்லிகைப்பூ வைத்துக்கொண்டுதான் கீழே வருவார். பூ யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒருமுறை கேலி செய்தேன். "குரல்ல தெரியும் தம்பி" என்றார். கடையில் ஆள் இருந்தால் கூச்சத்தில் கொஞ்ச நேரம் வாயே திறக்கமாட்டார். பாய்க்கும் அது பழக்கம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை குற்றால சீசன் காற்று பேயாக வீசியது. "தம்பி, நான் பேசுதது அவுகளுக்குக் கேக்கல போல" என்று திரைக்குள்ளிருந்து அக்கா கூப்பிட்டார். ஹெட்போனை உருவினேன். பாயின் குரல் ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது.

"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்காங்க புள்ள. இன்னைக்கே சொல்லணும். நீ வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு, ஊருக்கு வந்துருதேன்."

"வேண்டாம். வந்துருங்க மச்சான்."

மைக்கை வாயோடு ஒட்டிவைத்து அக்கா சொன்னார். பிறகு கத்தினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூச்சக்காரி எதையும் கவனிக்கவில்லை. நான் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. எங்கோ மரம் விழுந்து கம்பி போயிருந்தது. அங்கே பாயின் திரையில் அழைப்பு இன்னும் இருப்பதாகத்தான் காட்டியிருக்கும். பச்சை விளக்கு எரிய, டிஷ் அவர் குரலை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தது.

பாய் சிரித்தார். "நிக்காஹ் அன்னைக்கும் இப்படித்தான வாயத் தொறக்காம இருந்த? அதத்தான சம்மதம்னு எடுத்துக்கிட்டாக? சரி புள்ள, போட்டுருதேன்."

அதோடு அந்தக் குரலும் நின்றது. டெலிபோன் பூத் பூத்தாக ஓடினோம். ஊரிலேயே ஒரு போனும் வேலை செய்யவில்லை. கம்பியைச் சரிசெய்து அவரைப் பிடித்தபோது கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அக்கா அவரிடம் எதையும் சொல்லவில்லை. "இனிமே சொல்லி என்ன தம்பி? அங்கன ஒத்தையில கெடந்து வருத்தப்படுவாக. நீயும் சொல்லிராத" என்றார். அந்த இரண்டு வருடம் நீண்டுகொண்டே போனது. பாய் ஒரேயடியாக ஊர் திரும்பிய மறுவருடமே அக்கா போய்ச் சேர்ந்தார்.

இறக்கிய டிஷ்ஷைச் சுவரில் சாய்த்துவிட்டு பாய் மூச்சு வாங்கினார். "அன்னைக்கி அவ வேண்டாம்னு சொல்லிருந்தா வந்துருப்பேன்" என்றார். "நான் அங்கனயே இருக்கதுதான் அவளுக்கு இஷ்டம் போல."

சொல்லிவிடாதே என்று அக்கா கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஆனால் இந்த மனுஷர் அப்படி நினைத்துக்கொண்டே மிச்ச நாளைக் கழிப்பதை அக்கா பொறுத்திருக்கமாட்டார்.

"அக்கா சொன்னாங்க பாய். இங்க கம்பி அறுந்துபோச்சு. உங்களுக்குத்தான் கேக்கல."

"என்ன சொன்னா?"

"வேண்டாம், வந்துருங்க மச்சான்னு சொன்னாங்க. கடையே திரும்பிப் பாக்க, கத்திக் கத்திச் சொன்னாங்க."

பாய் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கை டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்திருந்தது. சாரல் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"இன்னொருக்க சொல்லு" என்றார்.

சொன்னேன்.