பேண்டேஜ் துணி சுற்றிய சித்தப்பா

சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா, நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் ராஜபாளையத்துக்கு வந்து, எங்கள் தறிக்கூடத்தில் நெய்யும் பேண்டேஜ் துணியில் ஒரு மூட்டை கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தப்போகிறாராம். நாடகமா என்று அப்பா கேட்டார். இல்லை, பேச மாட்டேன், நடிக்கவும் மாட்டேன், துணியை உடம்பில் சுற்றிக்கொள்வேன், அவ்வளவுதான் என்றார் சித்தப்பா.

அப்பா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, இதுக்கா சென்னைக்குப் போய்ப் படிக்க?" என்றார். ஆனாலும் துணியைக் கொடுத்துவிட்டார்.

நிகழ்ச்சியன்று சாயங்காலம் எல்லோரும் பஸ் ஏறிப் போனோம். அத்தையும் வந்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. கல்யாணமான மறுவருஷமே கணவரை இழந்து எங்களோடு இருந்தவள். எதற்கும் வெளியே வராதவள், தம்பி கூப்பிட்டானே என்று வந்தாள்.

அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் நடுவில் நின்று சித்தப்பா பாதத்திலிருந்து சுற்றத் தொடங்கினார். பார்த்தவர்களுக்கு ஆளுக்கொன்று தோன்றியது. எங்கள் தறியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், இது நம்ம பொழப்பைத்தான் காட்டுது என்றார். அம்மாவுக்கு, பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுமே என்று கவலை. நானோ பள்ளியில் கூட்டுப்புழுவைப் பற்றிப் படித்திருந்தேன். கடைசியில் துணியைக் கிழித்துக்கொண்டு சித்தப்பா சிறகோடு வெளியே வருவார் என்று உறுதியாக நம்பி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

துணி கழுத்தைத் தாண்டியது. வாயை மூடியது, கண்ணையும் மூடியது. அப்போது அத்தை எழுந்தாள். யாரும் தடுப்பதற்குள் நடுவே போய்ச் சித்தப்பாவின் கையைப் பிடித்தாள்.

"மொகத்தை மூடாதய்யா. செத்த நேரம் பாத்துக்கிடுதேன்."

சித்தப்பா அசையவில்லை. துணியைப் பிடித்திருந்த கை மட்டும் தளர்ந்தது. அத்தை நிதானமாக அவிழ்த்தாள். முகம் முழுக்கத் தெரிந்ததும் முந்தானையால் வியர்வையைத் துடைத்தாள். கன்னத்தில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை இறக்கிவிட்டார்கள். சித்தப்பாவின் கண் கலங்கியிருந்தது. எனக்கு மட்டும் ஆத்திரம் தாங்கவில்லை. சிறகு வரப்போகிற நேரத்தில் அத்தை கெடுத்துவிட்டாளே.

அத்தையின் கணவர் லாரி விபத்தில் போனவர் என்பது வரைதான் எனக்கு அப்போது தெரியும். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவரை முகம் தெரியாமல் துணி சுற்றிக் கொண்டுவந்ததையும், அவிழ்த்துப் பார்க்கப் போன அத்தையைப் பெரியவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதையும் நான் கல்லூரிக்குப் போன பிறகே அம்மா சொன்னாள்.

மறுநாள் காலை அத்தை எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னலைப் பாதியில் நிறுத்திவிட்டு, அடுப்படியில் நின்ற அம்மாவிடம் பேசினாள்.

"மதினி, மொகத்துல ஒரு காயம்கூட இல்ல. சிரிச்ச மாதிரியே இருந்துச்சு."

அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். பதில் தெரியாமல் நிற்கிறாளாக்கும் என்று நான் உதவிக்குப் போனேன்.

"சித்தப்பா சிரிக்கவே இல்லையே அத்தை. நான் முன்னாடிதான இருந்தேன்."