ஒரு ழகரமும் மடவை மீனும்

"வரலம்மா. அப்படி ஒரு கட்டுரையே கெடையாது" என்று மடிக்கணினியை மூடினாள் என் மகள். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தன் ஆராய்ச்சிக்காகக் காலையிலிருந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் எதையாவது இல்லை என்று சொன்னால் நான் லேசில் நம்பமாட்டேன். "வேற ஸ்பெல்லிங் போட்டுப் பாருடி" என்றேன். "உனக்கு எதுலதாம்மா சந்தேகம் இல்ல?" என்று சிரித்தாள்.

நியாயமான கேள்விதான். மயிலாப்பூரில் கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும் விடுகிற ரகம் நான். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான், சொல்லுங்கள்!

செருப்பு என்றதும் அடையாறில் இருந்த அந்த நூலகம் ஞாபகம் வருகிறது. விஞ்ஞானக் கட்டுரைகளைத் தேடுவதற்கென்றே அங்கே ஒரு ஏசி அறை உண்டு. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம், செருப்பை வாசலில் விட்டுத்தான் நுழைய வேண்டும். அங்கேயும் பிரித்துத்தான் விட்டேன். உள்ளே ஈரக் கம்பள வாடை. பெயரை அடித்துவிட்டுப் போய்க் காபி குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நிதானமாகத்தான் கம்ப்யூட்டர் பதில் காட்டும்.

அப்போது நான் ஈக்காட்டுத்தாங்கலில், தண்ணீர் பரிசோதிக்கிற ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்தவள் எழிலரசி. பட்டினப்பாக்கத்தில் மீன்பிடிக்கிற குடும்பம், விலங்கியல் படித்தவள். அடையாறு முகத்துவாரத்து மடவை மீனின் செவுளைப் பற்றித் தானும் தன் பேராசிரியரும் எழுதிய கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழில் வந்ததாக பயோடேட்டாவில் போட்டிருந்தாள். மீனெல்லாம் அவள் அப்பா வலையில் வந்தவை. கட்டுரையின் நகல்தான் கையில் இல்லை. பேராசிரியர் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்; கடிதம் போட்டால் பதில் கிடையாது.

அவள் வேலையை நிரந்தரமாக்குகிற சமயத்தில் மேனேஜர் அந்தக் கட்டுரையை யாரையோ விட்டுத் தேடச் சொன்னார். வரவில்லை. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? குப்பத்துலேர்ந்து வர்றதுங்க பயோடேட்டால எதையாவது எழுதிட வேண்டியது" என்றார், அவள் காதில் விழுகிற மாதிரியே. மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் வேலை போய்விடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தேகப்பட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். ஆனால் மனுஷியைச் சந்தேகிக்கும் முன்னால் மெஷினைச் சந்தேகிக்க வேண்டாமா?

அந்தச் சனிக்கிழமை அவளை இழுத்துக்கொண்டு அடையாறுக்குப் போனேன். சான்றிதழில் உள்ளபடி, ழ-வுக்கு இசட் ஹெச் போட்டு அவள் பெயரை அடித்தேன். ஒன்றும் இல்லை. தலைப்பைப் பேராசிரியர் கடைசியில் மாற்றிவிட்டாராம். மடவை என்று தேடினால் உலகத்துக் கடல்களின் மடவையெல்லாம் வந்து குவிந்தது. பேராசிரியர் பெயரோ முருகன். கேட்க வேண்டுமா? தேடத் தேட முருகன்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

எழில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நெசமாவே பொய் சொல்லிக்கினு கீறேனோன்னு எனக்கே டவுட்டா கீதுக்கா" என்றாள். பிறகு, கலங்கின கண்ணோடு சிரித்து, "எங்க நைனா என்னை எயிலுன்னுதான் கூப்டும். அப்டியும் போட்டுப் பாரேன்" என்றாள்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. வாழைப்பழத்தை வாயப்பயம் என்கிற ஊர் நம்முடையது. கட்டுரையை அனுப்பிவைத்த பேராசிரியரின் திருநெல்வேலிப் பக்கம் அப்படியா? அந்தப் பக்கத்துக்காரர்கள் பலர் ழ-வை இங்கிலீஷில் வெறும் எல் போட்டுத்தானே எழுதுவார்கள்! எல் போட்டு அடித்தேன். ஒன்றே ஒன்று வந்தது. அடையாறு, மடவை, செவுள். கீழே அவள் பெயர், எலிலரசி என்று.

"அடப்பாவி மனுசா, எலிக்கு அரசி ஆக்கிட்டாரேக்கா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் அந்த அறையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான்.

திங்கட்கிழமை அச்செடுத்த காகிதத்தை நீட்டினோம். மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அட, இருக்கா! ஸ்பெல்லிங்கை நீதானேம்மா முன்னாடியே கவனிச்சிருக்கணும்? சரி சரி, போய் வேலையைப் பாரு." அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை.

"காயிதத்த நம்பறீங்க சார். என்னை நம்பலியே" என்றாள் எழில். அன்றைக்கே வேலையை விட்டு நின்றுவிட்டாள். படிக்கட்டில் ஓடிப்போய்ப் பிடித்தேன். "அவசரப்படாதடி, கட்டுரைதான் கெடைச்சிடுச்சே." அவள் கேட்கவில்லை. "வாணாங்கா. நாளைக்கு ஒரு கண்ணாடிக் குடுவ காணோம்னாலும் என் பையத்தான் தொறப்பாங்க."

இப்போது அந்த ஏசி அறை இல்லை. வீட்டிலிருந்தே எல்லாரும் தேடிக்கொள்கிறார்கள். எழில் கொடுத்த நம்பர் புழக்கத்தில் இல்லை. பட்டினப்பாக்கத்தில் விசாரித்தேன், அந்தக் குடும்பம் எங்கேயோ மாறிப் போய்விட்டதாம்.

இதையெல்லாம் கேட்ட மகள், "இரு, இதைக் கேட்டுப் பாக்கலாம்" என்று போனில், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற அந்த ஏஐயிடம் எழிலின் பெயரைக் கொடுத்தாள். கண் மூடித் திறப்பதற்குள், அவள் பிறகு எழுதியதாக மூன்று கட்டுரைகள் வந்தன. பழவேற்காட்டு இறால், கூவத்து நண்டு, எண்ணூர்க் கழிமுகத்துச் சிப்பி. இதழின் பெயர், பக்க எண் எல்லாம் கச்சிதம். "அடி சக்கை! விடாம எழுதியிருக்காடி!" என்று கத்தியேவிட்டேன். நானா இப்படி நம்பினேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மகள் அந்த இதழ்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடினாள். எல் போட்டும் தேடினாள். "மூணுமே கப்சாம்மா. தெரியலன்னா இது இப்படித்தான் அடிச்சு விடும்."

அவள் அழிக்கப் போனாள். இருடி என்று போனை வாங்கி, அந்த மூன்று தலைப்புகளையும் இன்னொரு தரம் படித்தேன். மூன்றும் எழில் எழுதியிருக்க வேண்டியவை.