வலப்பக்கம் நான் வெட்டல

கையில் கோப்பும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அந்த ஒர்க்‌ஷாப்புக்குள் நான் நுழைந்தபோது, ஒரு வெள்ளைக் காரின் டிக்கிக்குள்ளிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கால்களுக்கு உரியவர் தலையைக் காட்டாமலே கேட்டார்.

"கையெழுத்துப் போட வந்தீங்களா, பாக்க வந்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். வண்டிச் சேதத்தைப் பார்த்து எழுதும் இன்சூரன்ஸ் கம்பெனி அறிக்கையின் அடியில் என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்து எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"பாக்கத்தான் வந்தேன்."

"அப்ப அந்த அட்டையைப் பைக்குள்ள போடுங்க. தகரத்துல மாட்டிக்கிட்டா உங்களையும் சேத்து வெட்டணும்."

அவரைக் கத்தரி அக்கா என்பார்கள். துருப்பிடித்த கார் தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்துப் பற்றவைக்கும் டிங்கர். அங்கே பதினான்கு வருடம். அந்தப் பெயர் கையிலிருக்கும் கத்தரியால் வந்ததா, வாயால் வந்ததா என்பதில் அங்கே இரண்டு கட்சி. அதே ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் அடிக்கும் அவருடைய கணவர் இரண்டாவது கட்சி.

விஷயம் இதுதான். அந்த வெள்ளைக் காருக்குப் பின்சக்கரத்தை ஒட்டி இரண்டு பக்கமும் தகரம் மாற்றியிருந்தார்கள். நாலே மாதத்தில் வலப்பக்கம் தண்ணீர் இறங்கி உள்தகரம் அரித்துவிட்டது. வேலை அட்டையில் இரண்டு பக்கத்துக்கும் அக்காவின் பெயர். 'பணியாளரின் கவனக்குறைவு' என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மானேஜர் வாசலிலேயே சொல்லியிருந்தார். ஏதோ எனக்கு உதவி செய்வதுபோல.

"வலப்பக்கம் நான் வெட்டல" என்றார் அக்கா, டிக்கியிலிருந்து இறங்கியபடி. "அன்னைக்கு என் பொண்ணுக்குக் காய்ச்சல், நான் லீவு. வெட்டினது இந்த மானேஜரோட மச்சான்."

"அட்டையில உன் பேருதானேம்மா இருக்கு" என்றார் மானேஜர்.

"அட்டையா வெட்டுச்சு?"

பெயிண்ட் அறைக் கதவைத் திறந்து கணவர் எட்டிப் பார்த்தார். "விடேன். பெரியவங்ககிட்ட எதுக்கு?"

"நீங்க உள்ள போங்க. பெயிண்ட் காயுது."

கதவு மூடிக்கொண்டது.

அக்கா தன் பெட்டியைத் திறந்தார். நேராக வெட்ட ஒரு கத்தரி, இடப்பக்க வளைவுக்கு ஒன்று, வலப்பக்க வளைவுக்கு ஒன்று, காற்றழுத்தத்தில் ஓடும் சின்ன ரம்பம். ரம்பத்தின் பிளேடைப் பாதியாக ஒடித்துக் குட்டையாக்கியிருந்தார். வெளித்தகரத்துக்கும் உள்தகரத்துக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளிதான். நீளமான பிளேடு உள்தகரத்தைக் கடித்துவிடும்.

"கிரைண்டர் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. பற்றவச்ச மேட்டைத் தேய்க்க. மூலையை வெட்ட அதை எடுக்கிறவன் கையை ஒடிக்கணும். சக்கரம் வட்டமா இருக்கு, மூலை சதுரமா இருக்கு. மூலை வரைக்கும் தகரம் அறுபடணும்னா சக்கரம் மூலையைத் தாண்டிப் போயே ஆகணும். போகும்போது உள்தகரத்தையும் ஒரு கீறு கீறிட்டுப் போகும். சூட்டுல சுத்தியிருக்கிற பூச்சும் கருகிடும். மேல பட்டி மாவைப் பூசி பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்?"

"உனக்கு மட்டும் மூலையே கிடையாதா?" மானேஜர் சிரித்தார்.

"கிடையாது. நாலு மூலையிலயும் முதல்ல ஓட்டை போடுவேன். ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு ரம்பம். பாருங்க."

டிக்கியின் உள்விரிப்பை இடப்பக்கம் பிய்த்தார். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். ஒட்டு போட்ட தகரத்தின் மூலைகள் நான்கும் நகக்கண் போல வளைந்திருந்தன. உள்தகரத்தில் ஒரு கீறல் இல்லை.

"போதும்மா. புகார் வந்தது வலப்பக்கத்துக்கு" என்று மானேஜர் குறுக்கே வந்து நின்றார்.

"நகருங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அக்கா வலப்பக்க விரிப்பையும் பிய்த்தார். அங்கே மூலைக்கு மூலை வெட்டுக்கோடுகள் ஒன்றையொன்று தாண்டிப் பெருக்கல் குறி போட்டிருந்தன. அதற்கு நேர் எதிரே உள்தகரத்தில் விரல் நீளத்துக்குப் பிளவு, ஓரமெல்லாம் துரு. ஒரே கார், இரண்டு கை. இதைப் பார்க்கப் பட்டம் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

"இடப்பக்கம் வெட்டும்போதே அரை நாள்ல முடின்னு சொன்னது நீங்க" என்றார் அக்கா மானேஜரிடம். "ரம்பத்தால ஒரு நாள் ஆகும்னு நான் சொன்னதுக்கு, பொம்பளை கை அப்படித்தான்னு சொன்னதும் நீங்க. ஆம்பளை கை வெட்டினது அழகா இருக்குல்ல?"

கண்டதைக் கண்டபடி எழுதினேன். தவறான கருவி, அவசரம், வெட்டியவர் வேறு ஆள். ஒர்க்‌ஷாப்பே வலப்பக்கத்தைத் திரும்பச் செய்து தர வேண்டும் என்று முடிவானது. நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு அப்பாவி நான்!

திரும்பச் செய்கிற வேலையை அக்காவின் தலையில்தான் கட்டினார்கள். கெடுத்து வைத்த மச்சான் பக்கத்திலேயே நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தானாம்.

"செய்றேன்" என்றாராம் அக்கா. "முதல்ல பழைய அட்டையில வலப்பக்கத்துக்கு இருக்கிற என் பேரை அடிங்க."

"அடிச்சா யார் பேரை எழுதுறது? மச்சான் பேரையா? அப்புறம் எனக்கு வீட்டுல சோறு கிடைக்காதும்மா. பேருல என்ன இருக்கு, விடு."

பேரில் என்ன இருக்கிறதாம்! பதினான்கு வருடம் ஒரு மூலை பிசகாமல் வெட்டியவருக்கு அதைத் தவிர அந்த இடத்தில் வேறு என்ன இருந்தது? அக்கா பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இதைக் கணவர்தான் எனக்குப் போனில் சொன்னார். "இந்தத் தடவை நான் விடுன்னு சொல்லல தம்பி" என்றார்.

அட்டையில் பெயரை அவர்கள் மாற்றவில்லை. நான் இரண்டு முறை கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

கத்தரி அக்கா இப்போது பஸ் பாடி கட்டும் கூடம் ஒன்றில் பக்கவாட்டுத் தகரம் வெட்டுகிறார். கணவர் பழைய இடத்திலேயே பெயிண்ட் அடிக்கிறார். காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்பி, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.