நாலு மூடியும் எலுமிச்சம்பழ ஜோசியமும்

டயருக்குள் இருக்கும் காற்று சில்லென்று இருக்கும். வால்வின் நடுவில் இருக்கும் சின்னக் குச்சியை நகத்தால் அழுத்தினால் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தத்தோடு, ரப்பர் வாசனை கலந்த குளிர்ந்த காற்று விரலில் பட்டு மணிக்கட்டு வரைக்கும் ஏறும். ஏசி என்ற சாமானை சினிமா தியேட்டர் கதவு திறந்து மூடும் இடைவெளியில் மட்டும் அனுபவித்திருந்த என் போன்ற ஸ்ரீரங்கத்துப் பையனுக்குக் கத்திரி வெயில் காலத்தில் கிடைத்த ஒரே கொடைக்கானல் அந்த வால்வு ஓட்டைதான்.

நான் படித்தவன் இல்லை. ஆறாம் வகுப்பு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனதால் அதிலேயே இரண்டு வருஷம் இருந்தேன். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. அதனால் இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கார் டயருக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்ற ஒரே ஒரு பாடத்தில் மட்டும் நான் பாஸ். அந்தப் பாஸுக்கும் என் அப்பாதான் பரீட்சை எழுதினார்.

அப்பா கோவிந்தன், காவிரிப் படித்துறைக்குப் போகும் அம்மா மண்டபம் ரோட்டில் இருந்த கார் ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டிய வெள்ளை அம்பாசடருக்குச் சொந்தக்காரர். எங்கள் வீட்டில் அந்தக் கார்தான் மூத்த பிள்ளை. அதோடு வந்த சின்னப் புத்தகத்தை நான் கப்பல் செய்து காவிரியில் விட்டுவிட்டதால், புத்தகத்தில் இருந்த காற்றுக் கணக்கை அப்பா ஞாபகத்திலிருந்து சொல்ல, அம்மா தன்னிடமிருந்த சிவப்பு நெயில் பாலிஷால் டிரைவர் கதவின் உள்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்: 'முன்னால 24, பின்னால 26, கூட்டம்னா பின்னால 30.' அப்பா தினமும் காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், பேனா மாதிரி இருக்கும் கேஜை ஒவ்வொரு வால்விலும் வைத்து அளப்பார். பல் விளக்காமல்கூட ஒருநாள் இருந்திருக்கிறார், காற்று பார்க்காமல் வண்டியை எடுத்ததில்லை. "ஓடுன வண்டியில காத்து பாக்குறது, ஓடிட்டு வந்தவனுக்கு ஜுரம் பாக்குற மாதிரி" என்பார் ஸ்டாண்டில் இருக்கும் மற்ற டிரைவர்களிடம். அவர்கள் டயரைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டு, 'கல்லு மாதிரி இருக்கு' என்று கிளம்புகிற ரகம்.

அந்த வருஷம் வைகாசியில், கத்திரி முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, பக்கத்துத் தெரு மல்லிகா அக்காவின் தம்பிக்கு வையம்பட்டியில் கல்யாணம். மாப்பிள்ளையும் மற்றவர்களும் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். தாலியைச் சமயபுரத்தாளின் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்குள் வந்து சேர வேண்டிய பொறுப்பு மல்லிகா அக்காவுக்கு. மாப்பிள்ளையின் அக்காவாயிற்றே, மூன்றாவது முடிச்சும் அவர்தான் போட வேண்டும். ஆக அன்றைக்கு எங்கள் அம்பாசடரில் கல்யாணமே உட்கார்ந்திருந்தது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை.

விடியற்காலையில் நான் பார்க்கப் பார்க்க அப்பா நாலு டயரையும் அளந்தார். பத்துப் பேர் ஏறப்போகிறார்கள் என்று பின்னால் முப்பது வைத்தார். முன் சீட்டில் அப்பா, நடுவில் கியர் கம்பிக்கு இடைஞ்சலாக நான், ஓரத்தில் மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர் தங்கராசு மாமா. பின்னால் அக்கா, அக்காவின் மாமியார், இரண்டு சித்திகள், யார் மடியில் யார் என்று தெரியாதபடி மூன்று பிள்ளைகள்.

சமயபுரத்தில் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியதும் அப்பா நாலு டயருக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியை ஏற்றினார். மூன்று பழம் ஒழுங்காக நசுங்கின. பின்பக்கம் இடது டயருக்கு வைத்த பழம் மட்டும் நசுங்காமல், டயரின் ஓரத்தில் பட்டு, தேங்காய்க் கடைக்காரர் கால் வரைக்கும் பாய்ந்து போனது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எல்லோரும் சாமி பார்க்க உள்ளே போக, வண்டியைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டுப் போனார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது என்பார்களே, அந்தப் பூனைக்கு என்னைவிட அறிவு அதிகம்.

என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. பழம் நசுங்காமல் துள்ளுகிறது என்றால் டயர் அவ்வளவு கெட்டியாக இருக்கிறது. எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர், 'வெயில்ல நிறுத்துனா டியூப் வெடிச்சிரும், கொஞ்சம் எறக்கி விடு' என்று சைக்கிளுக்குச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இன்றைக்கோ கத்திரி வெயில். சைக்கிளுக்கு இரண்டு சக்கரம், காருக்கு நாலு. அப்படியானால் ஆபத்தும் இரட்டிப்பு. கல்யாணத்தைக் காப்பாற்ற வேண்டியது நான்தான் என்று முடிவுக்கு வந்து, நாலு வால்வின் மூடியையும் திருகி டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பத்து எண்ணும் வரைக்கும் காற்றை இறக்குவது என்று திட்டம் போட்டேன். ஆனால் அந்தக் காற்றின் சில்லிப்பில் எட்டுக்கு மேல் எனக்கு எண்ணிக்கை வரவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். பின் டயர்களில், ஜோசியம் அங்கேதானே சொன்னது என்று, கன்னத்தையும் காட்டிக்கொண்டு இன்னும் அதிகமாகவே இறக்கினேன்.

திருச்சி தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் ஏறியதுமே அப்பா நெளிய ஆரம்பித்தார்.

"வண்டி என்னமோ மாவு மேல ஓடுற மாதிரி இருக்கே."

"என்னண்ணே, நான் குண்டுங்கிறத இப்படிச் சுத்தி வளைச்சுச் சொல்றீங்களா?" என்றார் பின்னாலிருந்து மல்லிகா அக்கா.

"ஐயோ, இல்லம்மா. ஆளு ஜாஸ்தி, அதான்."

"அதத்தான் நானும் சொன்னேன்."

வண்டி சிரிப்பில் குலுங்கியது. நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். மணப்பாறை தாண்டி, வெயில் உறைக்கத் தொடங்கி, வையம்பட்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, பின்னால் இடது பக்கம் 'டமார்' என்றது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அப்பா பிரேக்கைத் தொடவே இல்லை; ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, ரோட்டோரத்து வேப்பமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மாமியார்தான் சமயபுரத்தாளை இருந்த இடத்திலிருந்தே இன்னொரு முறை தரிசனம் செய்தார்.

மணி ஒன்பதுக்குக் கிட்டே. அப்பா ஜாக்கி வைத்து, ஸ்டெப்னியை எடுத்து மாட்டத் தொடங்கினார். எல்லோரும் இறங்கினார்கள். மல்லிகா அக்கா தாலி இருந்த தாம்பாளத்தை என் கையில் திணித்தார்.

"ரெண்டு கையாலயும் புடி. கீழ வெச்ச, உன்னக் கொன்னே போட்டுருவேன்."

நான் தாலியோடு சிலையாக நின்றேன். தங்கராசு மாமா ரோட்டில் போகும் வண்டிகளை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சக்கரத்தை மாற்றி முடித்து, மற்ற டயர்களைத் தொட்டுப் பார்த்தார். கை பின்வாங்கியது, அவ்வளவு சூடு. கேஜை எடுத்துக்கொண்டு குனிந்தவர் அப்படியே நின்றார். வால்வில் மூடி இல்லை. அடுத்த டயருக்குப் போனார். அதிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. காற்று தானாகக் குறையலாம், மூடி தானாகக் கழன்று போகாது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தாலியைப் பார்த்தேன்.

கிட்டே வந்தார். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கை என் டவுசர் பாக்கெட்டுக்குள் போனது. என் இரண்டு கையிலும் தாம்பாளம் இருந்ததால், மூடிகளை ஒவ்வொன்றாக அவரேதான் எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான் எட்டு வரை எண்ணத் தெரிந்தவன். நாலு வரைக்கும் எண்ணுவது அவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாத்தியாச்சுல்ல, எடுய்யா வண்டிய!" என்று தங்கராசு மாமா ஓடி வந்தார்.

"மூணு டயர்லயும் காத்து கம்மியா இருக்குங்க. அடிச்சிட்டுத்தான் எடுக்கணும். காத்து கொறஞ்சா டயர் மடங்கி மடங்கிச் சூடாகும், இப்படியே எடுத்தா அடுத்ததும் வெடிச்சிரும்."

"என்னது, மூணுலயுமா? காத்துகூட பாக்காமலா கெளம்புன?"

அப்பாவின் கைக்குள் நாலு மூடியும் இருந்தன. அதை விரித்துக் காட்டியிருந்தால் போதும். அந்த மனுஷனைப் பார்த்து 'காற்று பாக்கலையா' என்று கேட்பது, ரங்கநாதரைப் பார்த்துப் படுக்கத் தெரியுமா என்று கேட்பது மாதிரி.

"ஆமாங்க," என்றார் அப்பா. "பாக்கல. என் தப்புதான்."

"குடும்பத்தையே கொன்னுருப்பியேய்யா! நீயெல்லாம் ஒரு டிரைவரு!"

அப்பா டிக்கியிலிருந்து கால் பம்பை எடுத்து மிதிக்கத் தொடங்கினார். வேர்வை கொட்டியது. மணி ஓடியது. மல்லிகா அக்கா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளுங்கண்ணே, உடம்பு குண்டா இருக்குறதுக்கு இன்னைக்காவது ஒரு பிரயோஜனம் வரட்டும்" என்று பம்பின் மேல் ஏறினார். அவர் ஒரு மிதி மிதித்தால் அப்பா மூன்று மிதி மிதித்த மாதிரி. ரோட்டில் போன லாரிக்காரர்கள் ஆரன் அடித்துவிட்டுப் போனார்கள். அப்பா நடுநடுவே கேஜ் வைத்துப் பார்த்து, "சூட்டுல காட்டுறத நம்ப முடியாது, இன்னும் கொஞ்சம்" என்று கூட்டி, கடைசியில் மூடிகளைத் தன் கையாலேயே திருகினார்.

பத்துக்குக் கொஞ்சம் முன்னால் மண்டபத்துக்குள் நுழைந்தோம். கெட்டிமேளம் கொட்டியபோது மூன்றாவது முடிச்சு, அக்காவின் கையில் ஒட்டியிருந்த பம்பின் கறுப்பு மையோடு, ஒழுங்காக விழுந்தது. நான் பந்தியில் பாயசத்தை வேண்டாம் என்று சொன்ன ஒரே கல்யாணம் அதுதான்.

திரும்பி வர அவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். தங்கராசு மாமா ஊருக்கு வந்ததும் ஸ்டாண்டில் நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் அப்பாவுக்கு 'காத்தில்லாத கோவிந்தன்' என்று பெயர். டயரைக் காலால் உதைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் வைத்த பெயர் அது. அப்பா கேஜை எடுக்கும்போதெல்லாம், "இப்பப் பாத்து என்ன பிரயோஜனம் கோவிந்தா?" என்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடிக்கவும் இல்லை. மறுநாள் காலையில் கேஜை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் நாலு டயரையும் ஆறு முறை அளந்தேன். அதற்கப்புறம் அந்த வண்டி இருந்தவரைக்கும் அளந்தது நான்தான்.

இப்போது நானும் டிரைவர்தான். சொந்தக் கார். அம்மா எழுதிய மாதிரியே கதவோரத்தில் கம்பெனிக்காரனே காற்றுக் கணக்கை ஒட்டிக் கொடுத்திருக்கிறான். ஆள் குறைவென்றால் இவ்வளவு, கூட்டம் என்றால் இவ்வளவு. வண்டிக்குள் திரையில் நாலு டயருக்கும் நாலு எண் தெரிகிறது. இருந்தாலும் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, குனிந்து அளந்துவிட்டுத்தான் எடுக்கிறேன். வெயிலுக்கென்று இறக்குவதில்லை, எலுமிச்சம்பழம் எப்படித் துள்ளினாலும் கண்டுகொள்வதில்லை. அம்பாசடர் பழைய இரும்புக்குப் போனது. சிவப்பு நெயில் பாலிஷ் எழுத்தும் அதோடு போனது. ஸ்டாண்ட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

போன மாதம் அம்மா மண்டபம் டீக்கடையில் ஒரு பழைய டிரைவர் என்னை உற்றுப் பார்த்து, "நீ காத்தில்லாத கோவிந்தன் மகன்தானே?" என்றார். வழக்கமாகச் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்கு டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"கோவிந்தன் காத்து பாத்துத்தாங்க எடுத்தாரு. எறக்குனது நானு" என்று எலுமிச்சம்பழத்திலிருந்து நாலு மூடி வரைக்கும் சொல்லி முடித்தேன். கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். பெரியவர், "நாங்க எத்தனை வருஷம் சிரிச்சோம் அந்த ஆள" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். முழங்கால் வலி வந்து நாற்காலியோடு இருக்கும் மனுஷன் எழுந்தே விட்டார்.

"அறிவிருக்காடா உனக்கு? டீக்கடையிலயா சொன்ன?"

"உண்மைதானப்பா."

"நான் ஓட்டி முடிச்சவன், எனக்கு எந்தப் பேரு இருந்தா என்ன? நீ ஓட்டுறவன். காத்த எறக்கி விட்டவன்னு தெரிஞ்சா நாளைக்கு உன் வண்டியில எவன்டா ஏறுவான்?"

சொல்லிவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தினமும் கேட்பதை அன்றைக்கும் உள்ளேயிருந்து கேட்டார்.

"மூடி நாலும் போட்டியா?"

"போட்டுட்டேம்பா" என்றேன். இருந்தாலும் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.