நிறுத்தச் சொல்லாத பெண்

அடையாறிலிருந்து கொட்டிவாக்கம் வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். போன வருஷம் காலேஜில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தினமும் காலையில் ஏறுவாள். ஒல்லி உடம்பு. கழுத்தில் புது அடையாள அட்டை. காலேஜ் வாசல் வந்தாலும் நிறுத்தச் சொல்ல மாட்டாள். அதைத் தாண்டி வேறு யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, வெயிலில் திரும்பி நடப்பாள்.

ஒருநாள் அவளுக்குப் பரீட்சை. வழியெல்லாம் நெரிசல். ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். அப்போதும் வாய் திறக்கவில்லை. காலேஜ் வாசலில் நானே நிறுத்தினேன்.

"இன்னா நைனா, யாரும் கேக்காமயே நிறுத்திட்ட?" என்றார் மீன்கூடையோடு வந்த அம்மா.

"அந்தப் பாப்பா காலேஜ்மா."

"ஏம்மா, வாய்ல கொழுக்கட்டையா வச்சிகினு கீற?"

வண்டியே சிரித்தது. அவள் தலை குனிந்தபடி இறங்கினாள். "தேங்க்ஸ்ணா" என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் என் வண்டியைப் பார்த்தும் ஏறவில்லை. பின்னால் வந்த ஆட்டோவுக்குக் கை காட்டினாள். அதன்பின் என்றைக்கும் அப்படித்தான். நான் செய்தது நல்லதா கெட்டதா, இன்னும் விளங்கவில்லை. காலேஜைத் தாண்டி இறங்கி, வியர்த்துப்போய்த் திரும்பி நடந்து வருவாள். எதிரில் பார்ப்பேன். ஹாரன் அடிக்க மாட்டேன்.